ஹவானா ஓவியங்களில் கரும்பு தேடிய ஏழு நாள்

முதல் நாள், ஞாயிறு

இரண்டு விமானம் மாறி ஹவானா வந்து சேர்ந்தேன். என் பெட்டி வந்து சேரவில்லை. நாளைக்கு வந்துவிடும் என்றார்கள். தோள்பையில் ஒரு மாற்றுச் சட்டையும் கியூபா ஓவியம் பற்றி நான் எழுதி வைத்திருந்த குறிப்பு நோட்டும் இருந்தன. வந்ததே ஓவியம் பார்க்கத்தான், முக்கியமான சாமான் கையோடு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பழைய ஹவானாவில் ஒரு வீட்டு மாடியில் அறை. வீட்டம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம்தான் போட்டிருக்கிறேன், தப்பாக நினைக்காதே" என்றார். ரேஷனில் இன்னும் வரவில்லையாம். கியூபாவில் சர்க்கரைக்குப் பஞ்சம் என்றால் கடற்கரையில் உப்புக்கு வரிசையில் நிற்பது மாதிரி. அப்போது சிரித்துவிட்டேன். இரவில் படுத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் ப்ளாசா தே அர்மாஸ் சதுக்கத்துக்கு நடந்தேன். அதன் ஓரத்தில் எல் டெம்ப்ளெட்டே என்ற சின்னக் கட்டடம், கிரேக்கக் கோயில் போலத் தூண் வைத்தது, 1828இல் திறந்தது. வாசலில் ஓர் இலவ மரம். 1519இல் ஊரை நிறுவியபோது முதல் பூசை இலவ மரத்தடியில் நடந்தது என்பது ஐதீகம். ஒவ்வொரு நவம்பர் 15ஆம் தேதி இரவும் ஊர் ஜனங்கள் வரிசையில் நின்று மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி வேண்டிக்கொள்வார்கள். இது நவம்பர் இல்லை. ஆனாலும் பெட்டிக்காக ஒரு சுற்றுச் சுற்றி வைத்தேன்.

உள்ளே மூன்று பெரிய கித்தான்கள். வரைந்தவர் ழான் பாப்டிஸ்ட் வெர்மே, பிரெஞ்சுக்காரர், புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி தாவீதின் மாணவர். முதல் பூசை ஒரு படம், முதல் ஊர்ச்சபை ஒரு படம், இந்தக் கட்டடத்தின் திறப்பு விழாவே மூன்றாவது படம். கும்பாபிஷேகத்துக்கு வந்த பெரிய மனிதர் ஒருவரையும் விடாமல் ஒரே போட்டோவில் அடக்கியதைப் போல ஆயர், ஆளுநர், கனவான்கள், சீமாட்டிகள்.

1818இல் ஹவானாவில் தொடங்கிய சான் அலெஹாந்த்ரோ ஓவியப் பள்ளியின் முதல் இயக்குநரும் இந்த வெர்மேதான். அதுவரை ஊரில் தூரிகை பிடித்தவர்களில் பெரும்பாலோர் கருப்பினத்தாரும் கலப்பினத்தாரும். கைத்தொழிலோடு சேர்ந்த வேலை என்று வெள்ளையர்கள் அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பள்ளி வந்ததும் ஓவியம் கௌரவமாகிவிட்டது, கருப்பினத்தாருக்குக் கதவு மூடிவிட்டது. பள்ளிக்குப் பின்னால் நின்ற பிரமுகர்களின் பணம் எங்கிருந்து வந்தது என்று நோட்டில் தேடினால் பெரும்பாலும் கரும்பாலை. சரி, இந்தப் பயணத்தில் எதைத் தேடுவது என்று முடிவாகிவிட்டது.

இரண்டாம் நாள், திங்கள்

தேசிய நுண்கலை அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அதனால் வாடகைக் கார் பிடித்து சாந்தா மரியா தெல் ரொசாரியோ என்ற ஊருக்குப் போனேன். ஹவானாவின் விளிம்பில், தென்கிழக்கே இருக்கிறது. கார் என்னைவிட மூத்தது. கதவை உள்ளிருந்து திறக்க முடியாது, ஓட்டுநர் இறங்கி வந்து திறந்துவிட வேண்டும்.

ஊர்ச் சதுக்கத்தில் 1760களில் கட்டிய தேவாலயம். கதவு சாத்தியிருந்தது. எதிரே திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் யாரையோ கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், முக்கால் மணி நேரத்தில் சாவி வந்தது.

குவிமாடத்தைத் தாங்கும் நான்கு முக்கோண மூலைகளிலும் ஓவியங்கள். ஹோசே நிக்கோலாஸ் தே லா எஸ்கலேரா (1734–1804) வரைந்தவை. ஒரு மூலையில் புனித டொமினிக்கோடு காசா பயோனா பிரபுவின் குடும்பம். பட்டும் சரிகையுமாக நிற்கும் அந்தக் குடும்பத்துக்குக் கீழே, ஓரத்தில், ஒரு கருப்பின அடிமை. கியூப ஓவியத்தில் கருப்பின மனிதர் ஒருவர் முதன்முதலாகத் தோன்றுவது இங்கேதான் என்கிறார்கள் வரலாற்றாளர்கள். நோயில் கிடந்த பிரபுவுக்கு மருந்து நீரூற்றைக் காட்டிக் குணப்படுத்தியவன் அந்த அடிமை, அதனால் அவனுக்கு விடுதலை கிடைத்தது என்பது ஊர்க்கதை. சாவி கொண்டுவந்தவரும் அதைத்தான் சொன்னார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். மற்ற எல்லாரும் வானத்தில் மிதப்பதைப் போல இருக்கிறார்கள். கனம் உள்ள உடம்போடு இருப்பவன் அவன் ஒருவன்தான்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னொரு கதை உண்டு, அதைச் சாவிக்காரர் சொல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதே பட்டம் தாங்கிய ஒரு பிரபு, பெரிய வியாழனன்று தன் ஆலை அடிமைகள் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவி, தன் மேஜையில் உட்காரவைத்துச் சாப்பாடு பரிமாறினார். இயேசு செய்ததைச் செய்து பார்த்தார். பிறகு அதே அடிமைகள் கலகம் செய்து ஆலைக்குத் தீ வைத்தார்கள். பிரபு அவர்களின் தலைகளைக் கழியில் குத்தி நிறுத்தினார். வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கும் சம்பவம் இது. மேலே பிரபுவின் குடும்பம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள், செவ்வாய்

பெட்டி வரவில்லை. சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு அருங்காட்சியகம் போனேன்.

ட்ரொக்காதேரோ தெருவில் 1950களின் நடுவில் கட்டிய கட்டடம், நடுவில் பெரிய முற்றம். கியூபக் கலை மட்டும்தான் இங்கே. வெளிநாட்டு ஓவியங்களுக்குச் சற்றுத் தள்ளி வேறு மாளிகை இருக்கிறது, அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு அறையிலும் ஒரு காவலர் அம்மா, நாற்காலி, கையில் விசிறி.

முதலில் விசென்டே எஸ்கோபார் (1762–1834). நாற்பது ஐம்பது பணக்காரர்களைக் கேட்டால் நாற்பது ஐம்பது பேரும் என் முகம் அவர் வரைந்ததுதான் என்று சொல்லியிருப்பார்கள், அவ்வளவு கிராக்கி. கலப்பினத்தவர். ஞானஸ்நானம் கொடுத்தபோது கருப்பினத்தார் பதிவேட்டில் எழுதினார்கள், இறந்தபோது வெள்ளையர் பதிவேட்டில் எழுதினார்கள். நடுவில் அரச ஓவியர் பட்டம் கிடைத்திருந்தது. அவர் வரைந்த முகங்கள் எல்லாம் வெளுத்து, விறைத்து இருக்கின்றன.

1791இல் ஹெய்ட்டி அடிமைகள் எழுந்தார்கள், அங்கே சர்க்கரை நின்றது, அந்தச் சந்தையைக் கியூபா பிடித்தது. அடுத்த ஐம்பது அறுபது வருடத்தில் தீவே ஆலையாகிவிட்டது. 1857இல் எதுவார்தோ லாப்லாந்த் என்ற பிரெஞ்சுக்காரர், ஆலை முதலாளிகளுக்காக ஆலைகளைக் கல்லச்சு ஓவியங்களாகப் போட்டார். இயந்திரங்கள், கொதிகலன்கள், புகைபோக்கிகள் எல்லாம் துல்லியம். மனிதர்கள் எறும்பு அளவு.

அடுத்து எஸ்தேபான் சார்த்ரான் (1840–1883). பனைகள், அந்தி வெளிச்சம், லேசான மூடுபனி. அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெயில் எங்கே? இந்த ஊரில் மூன்று நாளாக நான் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் படத்தில் ஒருவருக்கும் வேர்க்கவில்லை. அவர் குடும்பம் மட்டான்சாஸ் பக்கம் கரும்புத் தோட்டக்காரர்கள்.

கடைசியில் கரும்பே நேராக வந்துவிட்டது. விக்தோர் பத்ரிசியோ லந்தலூசே, 1874, 'கரும்பு வெட்டு'. சின்னப் படம்தான். வெட்டுகிறார்கள், கட்டுகிறார்கள், மாட்டு வண்டி நிற்கிறது, குதிரை மேல் கங்காணி. ஸ்பானியர்கள் அவரை 'மயோரால்' என்பார்கள், கங்காணி என்ற சொல் அவருக்கு அளவெடுத்துத் தைத்தது. லந்தலூசே ஸ்பெயின்காரர், கேலிச்சித்திரக்காரர், கியூப விடுதலைக்குப் பரம விரோதி. இதை வரைந்தபோது தீவின் கிழக்கே விடுதலைப் போர் ஆறாவது ஆண்டாக நடக்கிறது. அதைத் தொடங்கிய கார்லோஸ் மனுவேல் தே செஸ்பெதெஸ் ஓர் ஆலை முதலாளி. 1868 அக்டோபர் 10 அன்று மணியடித்துத் தன் ஆலை அடிமைகளை விடுவித்துவிட்டுத்தான் களத்தில் இறங்கினார். லந்தலூசேயின் வயலில் அந்தச் சத்தமே கேட்கவில்லை. கஷ்டம் என்னவென்றால், அன்றைய கருப்பின மக்களின் உடை, நடனம், திருவிழா, வேலை இவற்றை இவ்வளவு நெருங்கிப் பார்த்து வரைந்தவர் வேறு ஆளில்லை. பிடிக்காதவரிடம் கடன்பட்ட நிலைமை.

பக்கத்து அறையில் கியெர்மோ கோயாசோவின் 'பகல் தூக்கம்', 1886. கடலைப் பார்த்த தாழ்வாரம், சாய்வு நாற்காலியில் வெள்ளை உடையில் ஒரு சீமாட்டி, கிறங்கிக் கிடக்கிறார். கியூபாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது அதே 1886இல். காவலர் அம்மாவிடம் ஆண்டைச் சுட்டிக் காட்டினேன். அவர் சீமாட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அவளுக்கு விசிறி தேவைப்படவில்லை" என்று சொல்லிவிட்டுத் தன் விசிறியை எடுத்துக்கொண்டார்.

நான்காம் நாள், புதன்

பெட்டி வந்துவிட்டது! இலவ மரத்துக்கு நன்றி. பூட்டு உடைந்திருந்தது, ஊறுகாய் பத்திரம்.

மறுபடி மூன்றாம் மாடி, இன்று இருபதாம் நூற்றாண்டு. 1927இல் 'ரெவிஸ்தா தே அவான்ஸே' பத்திரிகைக்காரர்கள் 'புதிய கலை' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். சான் அலெஹாந்த்ரோ பாணியை அங்கேதான் முதலில் தூக்கிப் போட்டார்கள். கூட்டமெல்லாம் விக்தோர் மனுவேலின் 'வெப்பமண்டல நாடோடிப் பெண்' (1929) முன்னால் நிற்கிறது. பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்த அளவுதான் படம். வாதாம்பருப்புக் கண்கள், மூடிய உதடு, எந்த இனம் என்று சொல்ல முடியாத மாநிறம். கியூபாவின் முகம் இதுதான் என்று ஒரு தேசமே முடிவு செய்துவிட்டது. வரைந்த இடம் பாரிஸ்.

கார்லோஸ் என்ரிக்கெஸின் 'முலாத்தாக்களின் கடத்தல்' (1938; முலாத்தா என்றால் கலப்பினப் பெண்) எனக்குப் பிடிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். குதிரை, புல், பெண் உடம்பு, துப்பாக்கி எல்லாம் கண்ணாடித் திரை போல ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி ஓடுகின்றன. அந்த வேகம் அபாரம். ஆனால் கடத்தப்படும் பெண்கள் அதை ரசிப்பதைப் போல வரைந்திருக்கிறார். வரைந்தவரின் ஆசை அது, பெண்களுடையது இல்லை.

நான் தேடியது மார்செலோ பொகொலோத்தியின் 'கியூப நிலக்காட்சி' (1933). நிலக்காட்சி என்றதும் சார்த்ரானின் பனையும் அந்தியும் நினைவுக்கு வரும். இதில் கரும்பு வெட்டும் கூலிகள், துப்பாக்கிக் காவலர்கள், ஆலை, கப்பல், கணக்குப் பார்க்கும் கனவான்கள். இயந்திரத்தின் பாகங்களைப் போல எல்லாரையும் ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார். 1920 மே மாதம் உலகச் சந்தையில் ராத்தல் 22.5 சென்ட் விற்ற சர்க்கரை டிசம்பரில் 4 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. வங்கிகள் மூழ்கின, நிலமும் ஆலையும் அமெரிக்க நிறுவனங்களின் கைக்குப் போயின. அது தெரிந்தால் இந்தப் படம் கணக்குப் புத்தகம் போலப் புரியும். லாப்லாந்த் எறும்பாக வரைந்தவர்கள் இங்கே படத்தின் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள், இன்னும் முகம்தான் வரவில்லை. பொகொலோத்திக்கு அடுத்த சில ஆண்டுகளில் பார்வை முழுக்கப் போய்விட்டது. மீதி வாழ்நாளெல்லாம் எழுத்தாளராக வாழ்ந்தார்.

அப்புறம் விஃப்ரெதோ லாம். கரும்பு விளையும் சாகுவா லா கிராந்தே ஊரில் 1902இல் பிறந்தவர். அப்பா காண்டன் பக்கத்திலிருந்து வந்த சீனர், அம்மா ஆப்பிரிக்க, ஸ்பானிய வம்சம். ஞானத்தாய் சாந்தெரியா என்ற ஆப்பிரிக்க வழி வந்த கியூப வழிபாட்டின் பூசாரி, அந்த ஊரில் தெய்வங்களோடு பேசுகிறவர் என்று பெயர் பெற்றவர். ஸ்பெயினில் பதினைந்து வருடம், பாரிஸில் பிக்காசோவின் நட்பு, போருக்குத் தப்பி 1941இல் ஊர் திரும்பினார்.

இங்கே இருப்பது 'நாற்காலி' (1943). அடர்ந்த இலைக்கூட்டத்துக்குள் தனியாக ஒரு நாற்காலி, அதன் மேல் ஒரு ஜாடி. வரவேற்பறையில் இருக்க வேண்டியதை யாரோ காட்டில் கொண்டுவந்து வைத்ததைப் போல. அதே ஆண்டின் 'காடு' நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சில வருடம் முன்னால் அதைப் பார்த்தேன். ஆளுயரத்துக்கும் மேலே, எட்டடிக்கு எட்டடி வரும். பிறை முகம், பிட்டம், முலை, பெரிய பெரிய பாதம், மேலே வலது ஓரத்தில் ஒரு கத்தரிக்கோல். பின்னால் நிமிர்ந்து நிற்கும் தண்டுகளைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கணுக் கணுவாக இருந்தது. காடே இல்லை, கரும்பு! கியூபாவில் அப்படிப்பட்ட காடும் கிடையாது. கரும்பு வெட்டியவர்களும் அவர்களின் தெய்வங்களும் தோகைக்குள்ளிருந்து எழுந்து நின்று பார்ப்பவரை முறைக்கிறார்கள். முகம் வந்துவிட்டது, ஆனால் சீமான்கள் கேட்டிருக்கக்கூடிய முகம் இல்லை. 1945இல் வாங்கிய அந்தப் படத்தைப் பல வருடம் கோட்டு மாட்டும் அறைக்குப் போகிற வழியில்தான் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள், வியாழன்

இன்று ஓய்வு. ஹபானா லிப்ரே ஹோட்டல் முகப்பில் அமேலியா பெலாயெஸின் நீலச் சுவரோவியத்தைத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன், 1958. தடித்த கறுப்புக் கோடுகளுக்குள் பழங்கள், ஜன்னலுக்கு மேல் அரைவட்டமாக வைக்கும் வண்ணக் கண்ணாடி போல. அவர் வயலுக்குப் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்து மேஜையையும் பழத்தட்டையும் ஜன்னலையும் வரைந்தார். அந்த வண்ணக் கண்ணாடி வீடுகளில் பல கரும்புப் பணத்தில் எழும்பியவை.

ஒரு பழைய புத்தகக் கடையில் தொண்ணூறுகளின் கியூப ஓவியம் பற்றிய தொகுப்பு ஒன்று கிடைத்தது. இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போனது. செல்போன் வெளிச்சத்தில் பக்கம் புரட்டினால் பேத்ரோ பாப்லோ ஒலிவாவின் 'பெரும் மின்வெட்டு' (1994). சிரிப்பு வந்துவிட்டது. வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது பழசு, இப்போது இதைவிடப் பெரியது வரையலாம்" என்றார். மின்சாரம் விடியற்காலையில்தான் வந்தது.

ஆறாம் நாள், வெள்ளி

இரண்டாம் மாடி, புரட்சிக்குப் பிறகு.

ரவுல் மார்த்தினெஸ் தலைவர்களையும் தெருவில் போகிறவர்களையும் ஒரே பளிச் நிறத்தில் வரிசை வரிசையாக வரைந்தார். 'தீவு 70' அவருடைய பெரிய படம். 1970 என்றால் கியூபாவில் எல்லாருக்கும் ஒரே ஞாபகம்தான்: ஒரு கோடி டன் சர்க்கரை என்ற அரசு இலக்கு. ஆசிரியர், மாணவர், அலுவலகக்காரர் என்று நாடே கத்தியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கியது. ஒவ்வொரு பத்து லட்சம் டன்னுக்கும் ஒரு சுவரொட்டி போட்டார்கள். கிடைத்தது 85 லட்சம். சாதனைதான், ஆனால் ஒரு கோடி இல்லை. வீட்டம்மா அப்போது பள்ளிப் பெண். கையில் இன்னும் தழும்பு இருக்கிறது, காட்டினார்.

அந்தோனியா எய்ரிஸின் 'ஜனநாயக சமாதானத்துக்கு ஒரு மேடை' (1968) முன்னால் நெடுநேரம் நின்றேன். பேச்சாளர் இல்லாத மேடை, மைக்குகள், பின்னால் முகம் அழிந்த கூட்டம். நிறமெல்லாம் சாம்பலும் அழுக்கும். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை, கண்டனம் வந்தது. எய்ரிஸ் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, தன் பேட்டைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் காகிதக்கூழில் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். ரவுலின் சிரிக்கும் முகங்களையும் இந்த முகமில்லாத கூட்டத்தையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

1981 ஜனவரியில் 'வால்யூமென் ஊனோ' என்று பதினொரு இளைஞர்கள் கண்காட்சி வைத்தார்கள். வீரன், உழவன், கொடி எல்லாம் போதும் என்ற தலைமுறை. பத்து வருடத்தில் சோவியத் யூனியனே போய்விட்டது. கியூபாவின் சர்க்கரையை அதிக விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். அதன் பிறகு ஓவியத்தில் வருவது கடல். 1994 மே மாதம் ஹவானா பியன்னாலே என்ற கலைக் கண்காட்சியில் காச்சோ என்ற இளைஞர் விளையாட்டுப் படகுகளும் பழைய செருப்புகளும் மரத்துண்டுகளுமாகத் தரையில் ஒரு படகுக் கூட்டத்தைப் பரப்பி வைத்தார். மூன்றே மாதத்தில், ஆகஸ்டில், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் டயர் ட்யூபிலும் பலகையிலும் ஏறி நிஜமாகவே கடலுக்குப் போனார்கள். சாந்த்ரா ராமோஸ் தன் உடம்பையே தீவாக வரைந்து சுற்றிலும் தண்ணீரை நிரப்பினார்.

பெல்கிஸ் அயோனுக்காக நேற்றுப் புத்தகத்தில் மடித்து வைத்த பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். அட்டையில் மணல்தாளும் காகிதமும் ஒட்டி, அதை மை பூசி அச்செடுப்பது அவர் முறை. கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும். எல்லாம் அபாக்குவா என்ற ஆண்களின் ரகசிய சபையைப் பற்றியவை. அடிமைகளோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரபு அது. அதன் புராணத்தில் சிக்கான் என்ற பெண்தான் புனித மீனின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறாள், அதற்காகவே அவளைக் கொன்றுவிடுகிறார்கள். அயோனின் 'இரவு உணவு' (1991) படத்தில் இயேசு இருக்க வேண்டிய நடு இடத்தில் சிக்கான். சுற்றிலும் உருவங்கள், அகலத் திறந்த கண்கள், ஒருவருக்கும் வாய் இல்லை. மீன் செதில் போன்ற தோலைத் தடவிப் பார்க்கத் தோன்றும், அவ்வளவு சொரசொரப்பு. அட்டையில் எந்த இடத்தில் மணல்தாள் ஒட்டினாரோ அங்கே இருட்டு மை தங்கியிருக்கிறது. சாந்தா மரியா தெல் ரொசாரியோ பிரபுவின் மேஜையை அவர் நினைத்தாரா, எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு வந்தது. அங்கே பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு போட்டவர் பிரபு. இங்கே மேஜை யாருடையதோ, பிரபு கண்ணில் படவில்லை.

ஏழாம் நாள், சனி

துறைமுகத்தை ஒட்டிய சான் ஹோசே கிடங்கு இப்போது கைவினைச் சந்தை. நூற்றுக்கணக்கான ஓவியங்கள்: ரோஸ் நிறப் பழைய கார், சுருட்டுப் பிடிக்கும் பாட்டி, மலேகோன் கடற்கரைச் சாலையில் மோதும் அலை, சே குவேரா, மறுபடி கார். ஒரு மணி நேரம் சுற்றினேன். ஒரு கரும்பு இல்லை. விற்பவரிடம் கேட்டேன். "கரும்பா? அதை யார் வாங்குவார்கள்? நீங்கள் வாங்குவீர்களா?" என்றார். வாங்குவேன் என்றேன். அடுத்த வாரம் வரச் சொன்னார், வரைந்து வைக்கிறாராம். 2002இல் நாட்டின் ஆலைகளில் கிட்டத்தட்டப் பாதியை மூடிவிட்டார்கள், இப்போது சர்க்கரை இறக்குமதி செய்கிறார்கள், காரும் பாட்டியும்தான் ஏற்றுமதி.

திரும்பும் வழியில் ஒரு கரும்புச்சாறு வண்டி. இங்கே 'குவாராப்போ' என்கிறார்கள். எனக்கு முன்னால் நான்கு பேர். வண்டிக்காரர் இரண்டு கரும்பை ஒன்றாக மடித்து உருளைக்குள் விட்டார், மின்மோட்டார் உறுமியது, நுரைத்த சாறு ஜாடியில் ஒழுகியது. என் முறை வரும்போது உறுமல் நின்றது. எதிர்க்கடை விளக்கும் அணைந்தது. கரும்பு பாதி உள்ளே, பாதி வெளியே, வெளியே இருந்த பாதியில் நான்கு கணு. வண்டிக்காரர் உருளையைக் கையால் பின்னுக்குச் சுற்றிக் கரும்பை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. வரிசையில் யாரும் கலையவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண் பையிலிருந்து விசிறியை எடுத்தார்.